கடுக்காய் மையா, விளக்குக்கரி மையா?

கோட்டோவியம் பழகத் தொடங்கிய புதிதில், கடைப் புட்டிகளை ஒதுக்கிவிட்டு மையை நானே தயாரிக்க ஆரம்பித்தேன். முதலில் கடுக்காய் மை, பிறகு விளக்குக்கரி மை. இரண்டும் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் சட்டம் போட்டு ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் படம் என்றால், கடுக்காய்ப் புட்டியை நான் தொடுவதில்லை.

செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கடுக்காய், அன்னபேதி என்னும் இரும்பு உப்பு, கருவேலம் பிசின் எல்லாம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. கரிக்கு ஓர் அகலும் எண்ணெயும் போதும்.

தயாரிப்பதில் உள்ள சுகம் கடுக்காயில்தான். கொட்டையை நீக்கித் தோலை ஒன்றிரண்டாக இடித்து, ஓர் இரவு ஊறவைத்து, பாதியாக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டினால் தேநீர் நிறத்தில் கஷாயம் நிற்கும். அதில் அன்னபேதிக் கரைசலை ஒரு கரண்டி விட்டதும் கண்ணெதிரே இருண்டுவிடும். எழுதும்போது சற்று வெளிறி விழும் கோடு, காற்றுப் பட்டு மறுநாள் காலைக்குள் கன்னங்கரேலென்று ஆகியிருக்கும். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் எழுதியதும் இதே சேர்மானத்தில்தான். கடுக்காய்க்குப் பதில் அவர்களுக்கு மாசிக்காய்.

கரி மை பொறுமையைச் சோதிக்கும். அகலின் மேல் கவிழ்த்த தட்டில் படியும் புகைக்கரி இறகைவிட லேசானது. தண்ணீரில் போட்டால் சேராமல் மிதக்கும், தும்மினால் சுவரெல்லாம் கறுப்பு. கெட்டியான பிசின் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குழைத்து, கண்ணாடிப் பலகையில் ஒரு மணி நேரமாவது அரைக்க வேண்டும். அவசரப்பட்டால் நிப்பின் பிளவில் மணல்போல் சிக்கிக்கொள்ளும்.

இத்தனை தொல்லைக்குப் பிறகும் கரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தாள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். அது கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கும்போதே கந்தக அமிலமும் உண்டாகிறது. துவர்ப்போடு சேராமல் மிஞ்சும் இரும்பு, தாளின் நார் மட்கிப்போவதை விரைவுபடுத்துகிறது. என் முதல் நோட்டில் ஓர் ஆலமரம் வரைந்திருந்தேன். விழுதுகளின் நிழலுக்காகக் கோட்டின் மேல் கோடாக மை அப்பிய இடம் அது. மூன்று ஆண்டு கழித்துத் திறந்தபோது, எதிர்ப்பக்கத்து வெற்றுத்தாளில் அதே விழுதுகள் பழுப்பு நிறத்தில் இடவலம் மாறிய பிரதியாக இறங்கியிருந்தன. மரம் இருந்த தாளை மடக்கினேன். மை கனத்த இடத்தில் அப்பளம்போல் முறிந்தது.

பெரிய கலைஞர்களின் தாள்களுக்கும் இதே கதிதான். பெர்லின் அரசு நூலகத்தில் உள்ள, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) கைப்பட எழுதிய இசைத்தாள்களில், மை தடித்த சுரக்குறிகள் தாளோடு சேர்ந்து உதிரத் தொடங்கின. தாளை இரண்டு மெல்லிய ஏடாகப் பிளந்து, நடுவே வலுவான தாளை ஒட்டித்தான் பலவற்றைக் காப்பாற்றினார்கள். வான்கோ 1888-ல் ஆர்ல் நகரில் நாணல் பேனாவால் வரைந்தவற்றில் பல இன்று பழுப்பாகத் தெரிகின்றன. அவர் வரைந்தபோது அந்தக் கோடுகள் இன்னும் கறுப்பாக இருந்தவை. நம் பக்கத்துக் கலம்காரியும் விலக்கல்ல. கடுக்காயில் தோய்த்த துணியில் இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கோடு இழுத்தால் கிடைப்பது இதே இரும்புக் கறுப்புதான். சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியான பழைய துணிகளில் சிவப்பும் நீலமும் நிற்க, கறுப்புக் கோடு இருந்த இடத்தில் நூல் இற்றுப்போயிருப்பதை அருங்காட்சியகங்களில் காணலாம்.

கரிக்கு இந்த வேலையே தெரியாது. வெயில் அதை வெளுக்காது, தாளோடு அதற்கு எந்த வினையும் கிடையாது. சாக்கடல் கரைக் குகைகளில் கிடைத்த பழைய யூத நூற்சுருள்களில் பெரும்பாலானவை கரி மையில் எழுதப்பட்டவை. சுமார் 2000 ஆண்டுகளுக்குப் பிறகும் வாசிக்க முடிகிறது. எழுத்தாணியால் கீறிய ஓலையில் நம்மவர்கள் தேய்த்ததும் கரியைத்தான்.

கரியின் குறை தண்ணீர். பிசின் மட்டும் சேர்த்த மையின் மேல் ஒரு துளி விழுந்தால் கோடு கரைந்து ஓடும். வெங்காரம் போட்ட வெந்நீரில் அரக்கைக் கரைத்துச் சேர்த்தால் தாங்கும். ஆனால் அந்த மையை ஊற்றுப்பேனாவில் ஊற்றினால் பேனாவை மறந்துவிட வேண்டியதுதான். கடுக்காய் மையோ நாருக்குள் இறங்கிவிடும், சுரண்டினாலும் எளிதில் போகாது. பத்திரங்களுக்கு அதை நம்பியது இதனால்தான்.

அன்னபேதியை அளவோடு போட்டால் அரிப்பு வெகுவாகக் குறையும் என்பதும் உண்மை. நான் கைக்கணக்கில் அள்ளிப் போட்டவன். இப்போது நிறுத்துப் போட்டு, நல்ல பருத்தித் தாளில் வரைந்த சில தாள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வயது ஒன்றரை ஆண்டு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆகவே கடுக்காய் மை கடிதங்களுக்கும் கைப்பழக்கத்துக்கும். இரண்டு கிராம்பு போட்டு வைத்திருந்தும் போன மழைக்காலத்தில் புட்டிக்குள் பூஞ்சணம் ஆடை கட்டியது. வடிகட்டிவிட்டு எழுதினேன், கறுப்பில் ஒரு குறையும் இல்லை.