பாதி கடைந்த பேக் பிளேட்: 160 மி.மீ. சக்குக்கு எடுக்கலாமா?

பாரிமுனையில் லேத் சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் கவ்வி) விற்கும் கடைகளிலேயே, அதை ஸ்பிண்டிலோடு (லேத்தின் சுழலும் தண்டு) இணைக்கும் பேக் பிளேட்டும் கிடைக்கும். போல்ட் துளை வரை போட்டு முடித்தது ஒரு வகை. மரை மட்டும் வெட்டி, முகத்தைக் கரடாகவே விட்டது இன்னொரு வகை. ஸ்பிண்டில் முனையில் மரை உள்ள லேத்துக்கு இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். 160 மி.மீ. த்ரீ ஜா (மூன்று தாடை) சக் என்றே கேட்டு வாங்கினாலும், சக்கின் முதுகில் உள்ள பின்குழியின் விட்டம் ஒன்றில் 125, இன்னொன்றில் 130 இருக்கும். போல்ட் துளைகள் அமைந்த வட்டமும் 140, 142 என மாறும். போல்ட் எம்10 ஆகவோ எம்8 ஆகவோ வரும். துளை போட்ட தட்டு பொருந்தாவிட்டால் காசு வீண்.

நாங்கள் பார்த்த இந்த வார்ப்பிரும்புத் தட்டின் முன்மேடு 134 மி.மீ., இரண்டு சக்குக்கும் கடைந்துகொள்ளலாம். மரை சற்றுத் தளர்வு. அதைக் குறையென்று சொல்ல மாட்டோம். தட்டை மையத்தில் நிறுத்துவது ஸ்பிண்டிலின் வழவழப்பான கழுத்தும் அதன் பின்னால் உள்ள காலரும் (விளிம்பு வளையம்)தான். குறை வாய்ப்பக்கத்தில் இருக்கிறது. கழுத்து நுழையும் குடைவு ஆழம் போதவில்லை; காலரைத் தொடுமுன்பே தட்டு மரையில் இறுகி நின்றுவிட்டது. காலரில் மார்க்கிங் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவித் திருகிக் கழற்றினால் தட்டில் நிறமே ஒட்டவில்லை. ஃபோர் ஜா சக்கில் பிடித்து 2 மி.மீ. கூடுதலாகக் குடைந்த பிறகே முழு வட்டமும் பதிந்தது. இதைப் பார்க்காமல் முகத்தைக் கடைந்தால், கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ரன் அவுட் (சுழலும்போது மையம் விலகி ஆடும் அளவு) வேறு வேறாக வரும்.

வார்ப்பின் மேல்தோல் கடினம், மணலும் ஒட்டியிருக்கும். முதல் வெட்டே 1.5 மி.மீ. ஆழத்தில் தோலுக்குக் கீழே போகட்டும். மேலோட்டமாக உரசினால் டூல் முனை போய்விடும். கே20 தரக் கார்பைடு டூல், 120 ஆர்.பி.எம்., கூலன்ட் வேண்டாம். பெட் (லேத்தின் அடித்தளத் தண்டவாளம்) மேல் காகிதம் விரியுங்கள், அந்தக் கரும்பொடி பெட்டையே தேய்க்கும்.

ஸ்பிகாட் (முன்மேட்டைக் கடைந்து எடுக்கும், பின்குழிக்குள் நுழையும் பகுதி) பின்குழியைவிட 0.02 மி.மீ. சிறிதாக இருந்தால் போதும். கடைந்த சூட்டில் அளக்காதீர்கள். 20 டிகிரி சூடு ஏறினாலே 130 மி.மீ. விட்டம் ஏறத்தாழ 0.03 பெருத்துக் காட்டும், ஆறியதும் சக் லொடலொடக்கும். உயரம் குழியின் ஆழத்தைவிட 0.5 குறைவாக வேண்டும். சக் உட்கார வேண்டியது வெளிவிளிம்பில். ஸ்பிகாட் அடியில் முட்டினால் போல்ட் இறுக்கும்போது சக் உடலே வளையும். ஸ்பிகாட் மூலையில் சின்னப் பள்ளம் எடுத்து, குழிவாயின் பிசிறையும் நீக்குங்கள்.

துளைக்கு அளந்து கோடு போடுவதைவிட, சக்கின் மரைகளில் கூர்முனைத் திருகுகளை 2 மி.மீ. நீட்டி வைத்து, ஸ்பிகாட்டில் பொருத்தித் தட்டுவது நம்பகமானது. எம்10 போல்ட்டுக்கு 11 மி.மீ. துளை. மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் கருவி) ஸ்பிகாட்டிலும் முகத்திலும் 0.01க்குள் காட்டினால் தட்டு சரி. அதன்பிறகும் ஜாவில் பிடித்த கம்பி 0.05 ஆடினால் அது சக்கின் ஸ்க்ரோல் (ஜாக்களை நகர்த்தும் சுருள் மரைத் தட்டு) குறை, தட்டைத் திரும்பக் கடையாதீர்கள்.

கடைக்குச் சக்கையே எடுத்துப் போங்கள். ஸ்பிண்டில் கழுத்தின் நீளத்தையும் குறித்துக்கொண்டு, தட்டின் குடைவு ஆழத்தை அங்கேயே வெர்னியரில் பாருங்கள். மரையில் மாட்டிய சக் என்பதால் ரிவர்ஸில் கன வெட்டு கூடாது, கழன்று வந்துவிடும்.