செஸ்னா 172 விமானத்தின் சக்கர டியூப்கள்: டர்பனில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் வடபுறத்தில், கடற்கரையை ஒட்டி ஓடுபாதை அமைந்திருக்கும் வர்ஜீனியா விமான நிலையத்தில், நண்பர்கள் சிலருடன் கூட்டாக, நான்கு பேர் அமரும் சிறிய செஸ்னா 172என் விமானத்தைப் பல ஆண்டுகளாக வைத்துப் பறந்து வருகிறேன். கார்களில் டியூப் இல்லாத டயர்களே வழக்கமாகிவிட்ட பிறகும், இந்த அளவுள்ள விமானங்களில் பெரும்பாலானவை டயருக்குள் டியூப் வைத்தே ஓடுகின்றன. எங்கள் விமானத்தின் பிரதான சக்கரங்கள் இரண்டும் 6.00-6 அளவு, முன் சக்கரம் 5.00-5. கையேட்டின்படி பிரதான சக்கரங்களுக்கு 29 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), முன் சக்கரத்துக்கு 31 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருக்க வேண்டும். எஞ்சின், ரேடியோ ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட டியூப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால், இரு வகை டியூப்களையும் நீண்ட காலம் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சந்தையில் கிடைப்பவை இயற்கை ரப்பர் டியூப், பியூட்டைல் ரப்பர் டியூப் என இரு வகைப்படும். பியூட்டைல் என்பது 1937-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை ரப்பர். அதன் வழியே காற்று ஊடுருவிச் செல்லும் அளவு, இயற்கை ரப்பரோடு ஒப்பிடுகையில் பல மடங்கு குறைவு. மிஷலின் நிறுவனத்தின் ஏர்ஸ்டாப், ஏரோ கிளாசிக் பெயரில் வரும் லீக்கார்டு ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. முதலில் எங்களிடம் இருந்தவை இயற்கை ரப்பர் டியூப்கள். அவற்றில் குறை என்று சொல்ல எதுவும் இல்லை. நன்றாக இழுபடும், பொருத்தும்போது சற்று முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கிக்கொள்ளும், விலையும் குறைவு. ஆனால் ஓரிரு வாரம் பறக்காமல் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நின்றாலே அளவுமானி வேறு கணக்குச் சொல்லும். பியூட்டைலுக்கு மாறிய பிறகு, மாதம் ஒருமுறை சிறிதளவு காற்றுச் சேர்த்தாலே போதுமானதாக இருக்கிறது.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சு அன்று. எங்கள் விமானத்தில் சக்கரங்களுக்கு மேல் நீள்வட்ட மூடிகள் உள்ளன. வால்வை எட்டுவதற்கு அந்த மூடியில் ஒரு சிறு துளைதான் உண்டு. வால்வு அந்தத் துளைக்கு நேராக வரும்வரை விமானத்தை அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டும். ஒருவர் குனிந்து பார்த்துக் குரல் கொடுக்க, மற்றவர் தள்ள, கடைசியில் அரை அங்குலம் தாண்டிப்போக, மீண்டும் பின்னோக்கித் தள்ள நேரும் வேலையை வாராவாரம் செய்ய யாருக்கும் மனம் வராது. அப்படிச் சோதிக்காமல் விடப்படும் டயரே பிறகு தொல்லை தருகிறது. டர்பனின் கோடை மழையில் நனைந்த ஓடுபாதையில் இறங்கும்போது, டயர் நீரின் மேல் வழுக்கி மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 29 பி.எஸ்.ஐ.-யில் அது சுமார் 48 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்). 20 ஆகக் குறைந்துவிட்டால் 40 நாட், அதாவது இன்னும் குறைந்த வேகத்திலேயே வழுக்கும். எனவே கூடுதல் விலை கொடுத்துப் பியூட்டைல் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். வாராவாரம் தவறாமல் அழுத்தத்தைச் சோதிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இயற்கை ரப்பரே போதும் என்பதையும் மறுக்கமாட்டேன்.

டியூப் கசிகிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் அளவுமானி எங்கே, எந்த நேரத்தில் காட்டிய எண் அது என்பதைப் பார்க்க வேண்டும். வர்ஜீனியா கடல் மட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் அடிக்கடி செல்லும், ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள ஜெர்மிஸ்டனின் ரேண்ட் விமான நிலையம் ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், டர்பனில் 29 காட்டிய அதே டயர், அதே வெப்பநிலையில் அங்கே 31-க்கு மேல் காட்டும். ஆனால் குளிர்கால அதிகாலையில் அங்கே வெப்பம் 2 பாகை அளவுக்கு இறங்கும்போது டியூப்புக்குள் இருக்கும் காற்று சுருங்கிவிடுகிறது. 20 பாகையில் நிரப்பிய டயராக இருந்தால் இரண்டு விளைவுகளும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்து மறுபடியும் 29-க்கு அருகிலேயே கொண்டுவந்து நிறுத்தும். இதற்கு மாறாக, ரேண்டில் இதமான பகல் வேளையில் சரியாக 29 நிரப்பிக்கொண்டு, அதே வெப்பமுள்ள டர்பனுக்குத் திரும்பினால், சிறிதும் கசியாமலேயே 26 அளவில் காட்டும். நல்ல டியூப்பைக் குற்றம் சொல்லிக் கழற்றச் செய்வது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

டியூப் மாற்றும் வேலையில் என் கருத்து சற்று அழுத்தமானது: எந்த நிறுவனத்தின் டியூப் என்பதைவிட, அதை யார் எப்படிப் பொருத்துகிறார் என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. எங்கள் விமானத்தைப் பராமரிக்கும் பொறியாளர், டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் ஆங்கிலமே மிகுதியாக இருந்தாலும் என்னைத் தம்பி என்றே அழைப்பார், நானும் அவரை அண்ணா என்றே அழைப்பேன். அவர் பணியிலும் கையெழுத்திலும்தான் வேலை நடக்கும்; நான் கூட நின்று எடுத்துக்கொடுப்பவன். இந்தச் சக்கரம் இரண்டு பாதிகளாகப் பிரியக்கூடியது. இரண்டையும் போல்ட்டுகள் பிணைத்திருக்கும். காற்று இருக்கும் நிலையில் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் இரு பாதிகளும் வெடித்துச் சிதறி ஆளைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே ஜாக்கியில் ஏற்றியதும் வால்வின் உட்கருவையே கழற்றி எடுத்துவிடுவார். நான் ஸ்பானரை நீட்டினால், "காற்று முழுசும் போகட்டும் தம்பி, போல்ட்டு எங்கேயும் ஓடிடாது" என்பார்.

பிரித்தபின் அவர் செய்யும் முதல் வேலை, புதிய டயரின் உட்புறம் முழுவதையும் வெறுங்கையால் தடவிப் பார்ப்பது. டயருக்குள் ஒட்டப்பட்டிருக்கும் காகிதச் சீட்டு ஒன்று போதும், ஓட்டத்தில் டியூப்பை உரசி உரசி மெலிதாக்கிவிடும். முன்பு வேறொரு பணிமனையில் மாற்றப்பட்ட எங்கள் சக்கரத்தைப் பிரித்தபோது, அகற்றாமல் விட்ட சீட்டின் நாற்கோண வடிவம் அப்படியே டியூப்பின் மேல் தேய்ந்து பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது டால்க் பவுடர். கேரம் பலகையில் தூவும் அளவே போதும். அள்ளிக் கொட்டினால் ஓரிடத்தில் கட்டியாகச் சேர்ந்து சமநிலையைக் கெடுக்கும். டியூப்பின் கனமான பக்கத்தைக் காட்டும் மஞ்சள் குறியை டயரின் இலேசான பக்கத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளிக்கு நேராக வைக்க வேண்டும். முன் சக்கரம் தரையில் நடுங்குவதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய காரணம் இது ஒன்றே. டியூப் உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வைத்து, இரு பாதிகளையும் சேர்க்கும்போது ரப்பர் இடையில் கவ்வப்படாமல் சுற்றிலும் பார்த்து, சக்கரத்திலேயே எழுதியிருக்கும் முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பிறகு முழு அழுத்தத்துக்குக் காற்றடித்து, அதை முற்றிலும் வெளியேற்றி, மறுபடியும் அடிக்க வேண்டும். முதல் தடவையில் டியூப்பில் விழுந்த மடிப்புகள் இந்த இரண்டாம் தடவையில்தான் நீங்குகின்றன. மறுநாள் அழுத்தம் குறைந்திருந்தால் பதற வேண்டியதில்லை. டயர் சற்று விரிந்து கொடுப்பதும், டயருக்கும் டியூப்புக்கும் இடையே அகப்பட்ட காற்று மெல்ல வெளியேறுவதும் இயல்பு.

பழைய டியூப்பையே புதிய டயரில் போடலாமா என்று கூட்டாளிகளில் ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பதுண்டு. டியூப் ஓட்டத்தில் நிரந்தரமாகவே சுமார் 25 விழுக்காடு பெருத்துவிடுகிறது. புதிய டயருக்குள் அது அடங்காமல் மடிந்து, மடிப்பிலேயே கிழியும். டயரோடு டியூப்பையும் மாற்றிவிடுவதே முறை. பிரதான சக்கரங்களில் பிரேக்கின் சூடு படுவதால், விளிம்பை ஒட்டிய பகுதியில் ரப்பர் மெலிந்து பளபளப்பதையும் பழைய டியூப்களில் காணலாம். ஒட்டுப் போடுவதைப் பற்றி அண்ணனிடம் கேட்கவே கூடாது.

பஞ்சர் எங்களுக்குப் புல்தரை ஓடுபாதைகளில்தான் நேர்ந்திருக்கிறது. நம் ஊர் வரப்புகளில் கிடக்கும் அதே நெருஞ்சி இங்கேயும் வறண்ட நிலமெங்கும் படர்ந்திருக்கிறது. வடக்கே வேட்டைக் காப்பகங்களின் ஓடுபாதைகளில் வேலமர முட்கள் வேறு. முள்ளுக்கு இரு வகை டியூப்பும் ஒன்றே. ஆனால் காற்றுக் குறைவாக ஓடும் டயர் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் மேல் சற்றே நகர்ந்து, டியூப்பை இழுத்து வால்வின் அடியையே அறுத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க டயரிலிருந்து சக்கர விளிம்புவரை ஒரு வண்ணக்கோடு போட்டு வைத்திருக்கிறோம். கோடு விலகியிருந்தால் பறப்பதில்லை.

உதிரி டியூப் வாங்கும்போது அளவோடு வால்வின் வடிவத்தையும், நேரானதா வளைந்ததா என்று, பழையதைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும், 6.00-6 என்று மட்டும் சொல்லி வரவழைத்தால் சக்கர மூடியின் துளைக்கு எட்டாத வால்வுடன் வந்து சேரக்கூடும். வாங்கியதை அதன் பெட்டியிலேயே, வெளிச்சமும் மின்மோட்டாரும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். மோட்டாரிலிருந்து வெளிப்படும் ஓசோன் ரப்பரில் வெடிப்புகள் விழச் செய்யும் என்பதால், ஹேங்கரில் காற்றழுத்தி இயந்திரத்துக்கு மேலிருந்த தட்டிலிருந்து எங்கள் உதிரிகளை எதிர்ச்சுவர் அலமாரிக்கு மாற்றிவிட்டோம்.