பாபநாசம்: த்ரிஷ்யம் பார்த்த கண்ணுக்கு எப்படி?

மலையாளத்தில் ஓடிய படத்தைத் தமிழில் எடுத்தால் சென்னையில் அது புதுப்படம். மார்த்தாண்டத்திலும் குலசேகரத்திலும் பழைய படம். 2013 டிசம்பரில் வந்த த்ரிஷ்யத்தை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் சப்டைட்டில் இல்லாமலே பார்த்து முடித்தது. பாபநாசம் வந்ததோ 2015 ஜூலை 3. அதற்குள் பிணம் எங்கே கிடக்கிறது என்பது டீக்கடையில் பேசித் தீர்ந்துபோன சமாச்சாரம். அதனால் இங்கே கமலா மோகன்லாலா என்று தொடங்குகிற சண்டை எல்லாம் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வரும்: முடிச்சு தெரிந்தவனுக்கு இந்த மூன்று மணி நேரத்தில் என்ன மிச்சம்? கீழே முடிவு உட்பட எல்லாம் பேசியிருக்கிறது. இரண்டையும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.

எழுதி இயக்கியவர் இரண்டுக்கும் ஜீத்து ஜோசப். ஒளிப்பதிவு இரண்டுக்கும் சுஜித் வாசுதேவ். ஐ.ஜி. கீதாவாக ஆஷா சரத், கொல்லப்படும் அவர் மகன் வருணாக ரோஷன் பஷீர், நாயகனின் இளைய மகளாக எஸ்தர் அனில் என மூன்று பேர் மலையாளத்திலிருந்து அப்படியே இங்கே வந்திருக்கிறார்கள். ஆகவே 'ஷாட்டுக்கு ஷாட் காப்பி' என்று குறை சொல்வதில் பெரிய பொருள் இல்லை. தன் கதையைத் தானே திரும்ப எடுப்பவர் ஓடுகிற எந்திரத்தைக் கழற்றிப் பார்க்க மாட்டார்.

அந்த எந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் ரீமேக்கில் எது தேய்ந்தது என்று சொல்ல முடியும். கொலை நடந்த நாளில் குடும்பம் ஊரிலேயே இல்லை என்று காட்ட வேண்டும். நாயகன் (மலையாளத்தில் ஜார்ஜ்குட்டியாக மோகன்லால், தமிழில் சுயம்புலிங்கமாகக் கமல்) யாருக்கும் காசு கொடுத்துப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கவில்லை. குடும்பத்தைப் பின்னாடி ஒரு நாள் வெளியூர் கூட்டிப்போகிறான். பஸ், ஓட்டல், லாட்ஜ், தியேட்டர் என்று நாலு இடத்தில் நாலு பேர் மனதில் நிற்கிற மாதிரி நடந்துகொள்கிறான். சில நாள் கழித்து அதே ஆட்களிடம் போய், 'அன்னைக்கு வந்தோமே' என்று பேச்சுவாக்கில் முந்தைய தேதியை நுழைக்கிறான். பார்த்த முகம் நினைவிருக்கும், தேதி யாருக்கும் நினைவிருக்காது. அந்த இடைவெளியில்தான் முழுக்கதையும் நிற்கிறது. போலீஸ் விசாரிக்கும்போது கண்டக்டரும் லாட்ஜ்காரரும் சொல்வது அவர்கள் மனதார நம்புவது. அதனால்தான் எத்தனை முறை குறுக்குக் கேள்வி கேட்டாலும் அது உடையவில்லை. தமிழில் இந்தப் பகுதிக்கு ஒரு சேதமும் இல்லை. படத்தின் மிக உறுதியான நாற்பது நிமிடம் இதுதான்.

தேய்மானம் முதலில் தெரிவது நிலத்தில். த்ரிஷ்யம் இடுக்கிப் பக்கத்துக் கதை. அங்கே வீடுகள் ஒவ்வொன்றும் தன் தோட்டத்துக்குள் தனியாக நிற்கும், அடுத்த வீட்டுக்குச் சத்தம் போகாது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் விளைக்குள் வீடு கட்டி வாழ்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி முற்றத்தில் குழி வெட்டினாலும் யாருக்கும் தெரியாது என்பதை நம்ப ஒரு நொடி போதும். நெல்லைச் சீமையில் ஊர் என்றால் தெரு. சுவரை ஒட்டிச் சுவர், வாசலில் உட்கார்ந்த ஆச்சி, எதிர்வீட்டுத் திண்ணை. அங்கே ஒரு இளவட்டம் ராத்திரி ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அடிபட்டு விழுந்து, புதைக்கப்படுவது வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை என்றால் நெல்லைக்காரன் புருவம் உயரும். படம் இதைச் சமாளிக்கச் சுயம்புலிங்கத்தின் வீட்டை ஒதுக்குப்புறத் தோட்டத்தில் வைத்துவிடுகிறது. சரிதான். ஆனால் அந்த வீட்டில் நெல்லை இல்லை, கேரளத்து வீட்டின் சாயல்தான் இருக்கிறது. (தஞ்சாவூர் பாபநாசம் என்று நினைத்துப் போய் உட்கார்ந்தவர்களும் உண்டு. இது பொதிகை அடிவாரத்துப் பாபநாசம், தாமிரபரணிக் கரை.)

வெளியூர்ப் பயணத்துக்கான காரணமும் அப்படித்தான். ஜார்ஜ்குட்டி கிறிஸ்தவர், குடும்பத்தோடு தியானத்துக்குப் போனதாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி கேட்டு வளர்ந்த நம்ம ஊர்க்காரனுக்கு அது ரொம்ப இயல்பான காரணம். இரண்டு நாள் தங்குவதும் அதிலேயே வந்துவிடும். தமிழில் குடும்பம் இந்துக் குடும்பம் ஆனதால் அந்தக் காரணத்தை மாற்ற வேண்டிவந்தது. கதை ஓடும், ஆனால் பழைய ஒட்டுதல் இல்லை.

பெரிய இழப்பு கான்ஸ்டபிள் வேடம். மலையாளத்தில் சகாதேவனாக வந்தவர் கலாபவன் ஷாஜோன். அதுவரை அவரை மிமிக்ரிக்காரராகவும் சிரிப்பு நடிகராகவும்தான் பார்த்துப் பழகியிருந்தார்கள். அந்த ஆள் ஒரு சின்னப் பெண்ணைக் கை நீட்டி அடிக்கும்போது வயிறு கலங்கியதற்குப் பாதிக் காரணம் அந்தப் பழக்கம். தமிழில் அந்த இடத்தில் பெருமாளாகக் கலாபவன் மணி. நடிப்பில் குறையே சொல்ல முடியாது. பெருமாள் வாயைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது. ஆனால் 2002-ல் ஜெமினியில் வில்லனாகப் பார்த்த முகம் அது. முதல் காட்சியிலேயே 'இவன் அடிப்பான்' என்று தெரிந்துவிடுகிறது. கலாபவன் என்ற அடைமொழி இருவருக்கும் பொது, அதிர்ச்சி ஒருவருக்குத்தான்.

கமல் விஷயத்திலும் சிக்கல் அதே வகை. நாலாம் வகுப்பில் படிப்பை விட்ட, சினிமா பார்த்தே உலகம் கற்ற கேபிள்காரன் ஒரு ஐ.ஜி.யைத் திணறடிக்கிறான் என்பதுதான் ஜார்ஜ்குட்டியின் சுவை. மோகன்லால் முதல் ஒரு மணி நேரம் வெறும் கஞ்சக் குடும்பஸ்தனாகத் தொந்தியைத் தள்ளிக்கொண்டு திரிகிறார். இவருக்குள் இப்படி ஒரு மூளையா என்று பிறகு நாம் திகைக்கிறோம். கமலைப் பார்த்து அப்படித் திகைக்கத் தமிழ்நாட்டில் யாராலும் முடியாது. அவர் கெட்டிக்காரர் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும்.

இதைச் சரிக்கட்ட அவர் கையில் எடுத்தது பேச்சு. வசனம் ஜெயமோகன். விளவங்கோட்டுப் பக்கத்தில் வளர்ந்து நாகர்கோவிலில் குடியிருப்பவர் நெல்லைப் பேச்சை எழுதியிருக்கிறார் என்பதே இங்கே தனி விவாதம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆட்களுக்கு அந்தப் பேச்சு காதில் தடங்கலில்லாமல் ஏறுகிறது. ஆரல்வாய்மொழி தாண்டினால் கேட்கிற பேச்சுதானே. மேற்கே இருப்பவர்கள் 'கொள்ளாம், ஆனா கமல் கொஞ்சம் கூடுதலா இழுக்காரு' என்கிறார்கள். இரண்டும் உண்மை. சாதாரணக் காட்சிகளில், குறிப்பாக எம்.எஸ். பாஸ்கரோடு டீக்கடையில் பேசும்போது, பேச்சு மணியாக விழுகிறது. உணர்ச்சி ஏறும்போது வட்டார வழக்கு அவர் உடம்பிலிருந்து விலகி மேலே தனியாக மிதக்கிறது.

கடைசிச் சந்திப்பில்தான் இரண்டு படங்களும் நிஜமாகப் பிரிகின்றன. மகனைத் தொலைத்த பெற்றோர் முன்னால் மோகன்லால் பாதி சொல்லிப் பாதி விழுங்குகிறார். குரல் கம்முகிறது, அதற்கு மேல் இல்லை. கமல் உடைந்து அழுகிறார். படத்துக்குப் பாபநாசம் என்று பேர் வைத்தபின் அழுகை வந்துதான் ஆக வேண்டும் என்பது ஒரு கட்சி. கதைக் கணக்கில் அது ஒத்துவரவில்லை. பிணம் இருக்கும் இடத்தைப் பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்தவன், போலீஸ் பதவியில் இருந்த பெண்மணி முன்னால் அந்த அளவுக்குத் தளர மாட்டான். அந்த அழுகைக்குப் பிறகு புதிய போலீஸ் ஸ்டேஷன் தரைக்கடியில் போய் முடிகிற கடைசி ஷாட்டின் குளிர்ச்சி பாதி ஆறிப்போகிறது. ஆனால் தாய்மார்கள் பக்கம் கேட்டால் தீர்ப்பு தலைகீழ்: மோகன்லால் கல்நெஞ்சுக்காரர், கமல்தான் மனுசன்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலம் இரண்டே முக்கால் மணி நேரம் போல. இது மூன்று மணியைத் தொடுகிறது. முதல் பாதியின் மெதுவான போக்குக்கு மலையாளத்தில் காரணம் உண்டு. கட்டி முடியாத ஸ்டேஷன், கான்ஸ்டபிளோடு உரசல், ராத்திரி ஆபீசில் உட்கார்ந்து படம் பார்ப்பது எல்லாம் பின்னால் எடுக்கப்போகும் விதைகள். தமிழில் அந்த விதைகளுக்கு நடுவே கமல், கௌதமி கொஞ்சல் கூடிவிட்டது. மூத்த மகளாக வரும் நிவேதா தாமஸ் மட்டும் மூலத்துக்கு ஒரு படி மேல். சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் பேரைக் கேட்டாலே அந்தப் பெண் முகம் ரத்தம் வற்றி வெளிறுவது தெரிகிறது.

செல்போன் பற்றிக் கேட்பவர்கள் கேள்வியும் நியாயமே. செத்தவன் போனை நாயகன் செய்கிற மாதிரி லாரியில் போட்டுவிட்டால் சிக்னல் ஊர் ஊராகப் போய்ப் போலீஸை அலைக்கழிக்கும். ஆனால் அதற்கு முந்தைய ராத்திரி அது எந்த டவரில் இருந்தது என்ற பதிவு அழியாது. இந்த ஓட்டையைத் தைக்க ரீமேக்கில் ஒரு வாய்ப்பு இருந்தது, தைக்கவில்லை.

மலையாளம் காதுக்குப் பழகியவர்கள் த்ரிஷ்யத்தை முதலில் பார்க்கலாம். தெரியாதவர்கள் பாபநாசத்தில் தொடங்கினால் நட்டமில்லை, திருப்பங்கள் எல்லாம் அப்படியே கிடைக்கும். ஏற்கெனவே மூலம் பார்த்தவர்கள் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து பார்த்தால் போதும். சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதானால் ஸ்டேஷன் அடி வருகிற இடத்தில் ரிமோட் கையில் இருக்கட்டும். இளைய மகளும் அந்த அடியில் தப்பவில்லை.