பிள்ளைகளோடு இரண்டு வருடம் பயன்படுத்திய பயணத் தளம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். பள்ளி விடுமுறை நெருங்கினாலே "எங்கேம்மா போறோம்?" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களே பார்க்கட்டும் என்று ஒரு பயணத் தளத்தின் சிறுவர் பக்கத்தை டேப்லட்டில் திறந்து கொடுத்தேன். அப்போது மகள் இரண்டாம் ஆண்டு, மகன் பாலர் பள்ளி. இரண்டு வருடம் ஆகிவிட்டது.

பிள்ளைகளைப் பிடித்து வைத்தது வரைபடம்தான். பினாங்கு மலையைத் தொட்டால் ரயில் ஏறும், தைப்பிங் மிருகக்காட்சிசாலையைத் தொட்டால் புலி உறுமும். எழுத்துக்கூட்டத் தெரியாத வயதிலேயே மகன் தனியாக ஊர் ஊராகப் போய் வந்தான். ஆனால் திரும்பி வருவதற்கான அம்புக்குறி மூலையில் கடுகளவு. தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் இருக்கவேண்டும், 44 இருந்தால் நல்லது என்று இணையத்தளங்களை எல்லோரும் எளிதாகப் பயன்படுத்துவதற்கான அணுகல் நெறிகளே சொல்கின்றன. ஐந்து வயது விரலுக்கு அதுவும் போதாது என்பேன். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அழுதுகொண்டே என்னிடம் வருவான்.

இன்னொன்று எனக்குக் கோபமே வந்தது. விளையாட்டுப் பொத்தானும் ஹோட்டல் சலுகைப் பொத்தானும் ஒரே மஞ்சள் நிறம். ஒருநாள் மகன் தொட்டுத் தொட்டுப் பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டான். என் வங்கி அட்டை விவரமும் அதில் இருந்தது. அன்றைக்கே அழித்துவிட்டேன். நீங்களும் சேமித்து வைக்காதீர்கள்.

எண்களையும் அப்படியே போட்டிருக்கிறார்கள். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர் என்றால் அவனுக்கு என்ன புரியும்? பின்வாசலுக்குக் கூட்டிப்போய், இந்தச் செம்பனை மாதிரி மூன்று நான்கு மரம் ஒன்றின்மேல் ஒன்றாக என்றேன். சரியென்று அண்ணாந்து பார்த்தான்.

மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் தைப்பிங் பயணம். ரயில் பாடாங் ரெங்காஸ் தாண்டி பெராபிட் சுரங்கத்துக்குள் நுழைந்தது. 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஜன்னல் இருண்டு, கண்ணாடியில் தங்கள் முகமே தெரிய, இரண்டு பேரும் போட்ட சத்தம்! மிருகக்காட்சிசாலையைவிட அதைத்தான் வீடு வரை பேசிக்கொண்டு வந்தார்கள். வந்ததும் மகள் தளத்தில் சுரங்கத்தைத் தேடினாள். இல்லை. ஹோட்டல் நீச்சல் குளத்துக்கு மட்டும் எட்டுப் படம்.

இப்போதும் அதைத்தான் பயன்படுத்துகிறோம், வரைபடத்துக்காக. சுரங்கத்தைச் சேர்க்கச் சொல்லி மகள் மலாயில் ஒரு குறிப்பு எழுதி, வரைந்த படத்தோடு அனுப்பியிருக்கிறாள்.