தீபாவளிக்குச் சோபாவைக் கழுவப்போகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நமக்குச் சோபா ஞாபகம் வருவதே தீபாவளிக்கு முன்புதான். அக்டோபர், நவம்பர் பருவமாற்றக் காலம்; துணி காய்வதற்குள் மாலையில் இடிமழை வந்துவிடும். அதனால் எது கறையை நன்றாக எடுக்கும் என்பதைவிட, எது சீக்கிரம் உலரும் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். உள்ளே இருக்கும் பஞ்சு ஓரிரு நாள் நனைந்தே கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மெத்தைக்கு அடியில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். 'டபிள்யூ' என்றால் தண்ணீர் படலாம். 'எஸ்' என்றால் தண்ணீர் கூடாது, கரைப்பான் மட்டும்தான். 'எக்ஸ்' என்றால் தூசி உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சீட்டே இல்லையென்றால் பின்பக்க ஓரத்தில் சோதித்துவிட்டு இறங்குங்கள்.

செலவில்லாதது ஆப்பச்சோடா. தூவி, சில மணி நேரம் விட்டு உறிஞ்சி எடுத்தால் வாடை குறையும், ஈரமும் கிடையாது. ஆனால் தலையெண்ணெய் ஏறிய சாய்மானம் அப்படியேதான் இருக்கும்.

எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் சோப்புதான் சரி. தண்ணீரை ஊற்றாமல் நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவர் அப்படியே உட்கார்ந்து அப்பிய செம்மண்ணை மட்டும் ஈரத்தால் தொடாதீர்கள். காயவிட்டு உறிஞ்சினால் போய்விடும்.

மஞ்சளிடம் சோப்பு தோற்றுவிடும். போன வருடம் எங்கள் வெளிர்நிறச் சோபாவில் கோழிக்குழம்பு சிந்தியது. அவசரமாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை குங்குமச் சிவப்பாகிவிட்டது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "கையை வெட்டிக்கொண்டாயா?" என்று பதறினார். சோப்பின் காரம் பட்டால் மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கும்; துளி வினிகர் வைத்தால் மறுபடி மஞ்சளாகும். அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். குத்துவிளக்கு எரியும் பக்கம் இந்த வேலை வேண்டாம். மிச்சமிருந்த நிழலை, உறையைக் கழற்றி வாசலில் போட்டதும் இரண்டு நாள் காலை வெயில் வெளுத்துவிட்டது.

ஆவிக் கருவியின் சூடு தூசிப் பூச்சிகளைக் கொல்லும். ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு அது பெரிய விஷயம். செத்ததை உறிஞ்சி எடுப்பது தனி வேலை. பால், முட்டைக் கறைகளோ சூட்டில் இன்னும் இறுகும், வெல்வெட் படிந்துபோகும்.

காசுக்குச் சோபா கழுவ வருகிறவர்கள் கொண்டுவரும் இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சி அழுக்கோடு திரும்ப இழுக்கும். ஆழத்தில் இறங்கிய அழுக்குக்கு அதுதான் முதலிடம். தொட்டியில் சேரும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் நாம் இதிலா உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றும். ஆனால் உறிஞ்சல் பலவீனமாக இருந்தால் தொலைந்தோம். எங்கள் வீட்டில் மழை நாளில் நனைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் கூடம் முழுக்க ஈரச்சாக்கு நாற்றம். இனி அவர்களை மழை குறைந்த ஜூன், ஜூலையில்தான் கூப்பிடுவேன். தீபாவளிக்குச் சோடாவும் நுரையும் போதும், இரவு முழுக்க மின்விசிறி ஓடட்டும்.

செயற்கைத் தோல் சோபாவை ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துணியால் ஒற்றுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் மேல்பூச்சு தானாகவே உரியும். உரியத் தொடங்கியதற்கு எந்த மருந்தும் இல்லை, ஓர் உறை தைத்துப் போட்டுவிடுங்கள்.