சிஎஸ்எஃப் ஃபயர்வாலின் தடைப் பட்டியல்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

லினக்ஸ் சர்வரில் ஓர் ஐபி முகவரியைத் தடுப்பது ஒரு வரி வேலை. ஆறு மாதம் கழித்து அந்தத் தடையை வைத்திருப்பதா, எடுப்பதா என்று முடிவு செய்வதுதான் கடினம். கான்ஃபிக்சர்வர் செக்யூரிட்டி அண்ட் ஃபயர்வால், அதாவது சிஎஸ்எஃப், சர்வருக்கு வரும் இணைப்புகளை வடிகட்டும் மென்பொருள்; அந்த இரண்டாவது வேலைக்கும் உதவும். ஒரே சர்வரை ஒருவரோ இருவரோ பார்த்துக்கொள்ளும் இடத்தில் இதன் தடைப் பட்டியல் நம்பகமானது. ஆனால் நிறுவியபடியே விட்டுவிட்டால் சில இடங்களில் சத்தமில்லாமல் ஏமாற்றும்.

பட்டியல் என்பது 'சிஎஸ்எஃப்.டெனை' என்ற சாதாரண உரைக் கோப்புதான். வரிக்கு ஒரு முகவரி, அதன் பின் ஹாஷ் குறி (#), அதன் பின் காரணம். கடவுச்சொல் முயற்சிகளைக் கவனிக்கும் எல்எஃப்டி என்ற பின்னணி நிரல் 203.0.113.45 என்ற முகவரியைத் தடுத்தால், எந்தச் சேவையில் தோல்வி, கடந்த 3600 நொடிகளில் எத்தனை முறை, தடுத்த நாளும் நேரமும் என எல்லாமே அந்த ஒரே வரியில் இருக்கும். கையால் சேர்க்கும்போதும் '--டெனை' கட்டளையில் முகவரிக்குப் பின்னால் காரணத்தை எழுதலாம். கட்டாயம் எழுதுங்கள். காரணம் இல்லாத வரியை நீக்கும் துணிச்சல் பின்னாளில் யாருக்கும் வராது. அப்படித்தான் பட்டியல்கள் குப்பை சேர்கின்றன.

புகார் வரும்போது அருமை தெரிவது '--கிரெப்' கட்டளையில். ஒரு முகவரியைக் கொடுத்தால், அது எந்த விதியில் சிக்கியிருக்கிறது, நிரந்தரத் தடையா, தற்காலிகத் தடையா, தற்காலிகம் என்றால் இன்னும் எத்தனை நொடி பாக்கி என்று காட்டிவிடும். முகவரி தனியாக இல்லாமல் 203.0.113.0/24 என்ற (256 முகவரிகள் கொண்ட) தொகுதிக்குள் அடங்கியிருந்தாலும் கண்டுபிடித்துக் கொடுக்கும். நிரந்தரத் தடையை எடுக்க '--டெனைஆர்எம்', தற்காலிகத் தடையை எடுக்க '--டெம்ப்ஆர்எம்'. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'நீக்கிவிட்டேன், இன்னும் வேலை செய்யவில்லை' என்று திண்டாடுவது அடிக்கடி நடக்கும். முதலில் தேடல், பிறகு நீக்கம் என்ற வரிசை பழகிவிட்டால் அந்தத் திண்டாட்டம் இல்லை. கோப்பை எடிட்டரில் திறந்து வரியை அழித்தால் மட்டும் தடை போகாது. '--ரீஸ்டார்ட்' கொடுத்து விதிகளைத் திரும்ப ஏற்ற வேண்டும்.

இனி குறைகள். முதலாவது, டெனை_ஐபி_லிமிட் என்ற அமைப்பு. நிறுவும்போது இதன் மதிப்பு 200. இருநூறு நிறைந்த பிறகு புதிதாக ஒன்று சேர்ந்தால், கோப்பின் மேலே இருக்கும் பழைய வரி கழன்றுவிடும். நீங்கள் யோசித்து, காரணம் எழுதிச் சேர்த்த தொகுதி, நேற்று இரவு வந்துபோன ஏதோ ஒரு தானியங்கி நிரலுக்கு (பாட்) இடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடும். இதற்கு மாற்று எளிது: குறிப்பில் 'டு நாட் டெலீட்' என்ற ஆங்கிலத் தொடரைச் சேர்த்தால் அந்த வரி இப்படிக் கழலாது. கையால் சேர்க்கும் ஒவ்வொரு முக்கிய வரிக்கும் இதைப் போட வேண்டும். இந்த வரம்பு '--டெனை' கட்டளை ஓடும்போது மட்டுமே சரிபார்க்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். எடிட்டரில் ஆயிரம் வரி ஒட்டினால் அப்போதைக்கு எதுவும் ஆகாது. அடுத்த முறை எல்எஃப்டி யாரையாவது தடுக்கும்போதுதான் வெட்டு விழும்.

வரம்பை 0 ஆக்கினால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. சாதாரண நிலையில் ஒவ்வொரு முகவரியும் ஐபிடேபிள்ஸில், அதாவது லினக்ஸின் ஃபயர்வால் விதிப் பட்டியலில், ஒரு தனி விதி. வரும் தரவுத் துண்டை (பாக்கெட்) மேலிருந்து கீழாக ஒவ்வொரு விதியோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விதிகள் ஆயிரக்கணக்கில் போனால் நெட்வொர்க் மந்தமாகும், ரீஸ்டார்ட்டும் இழுத்துக்கொண்டே போகும். பெரிய பட்டியல் வேண்டுமென்றால் எல்எஃப்_ஐபிசெட் அமைப்பை 1 ஆக்குவதுதான் வழி. அப்போது முகவரிகள் விரைவாகத் தேடக்கூடிய ஒரு ஹாஷ் தொகுப்பில் உட்காரும்; ஒரே விதி அந்தத் தொகுப்பைக் கேட்டுக்கொள்ளும்; நூறு முகவரிக்கும் ஐம்பதாயிரத்துக்கும் தேடும் நேரத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. தொகுப்பின் உச்ச அளவு 65536 என்று வைக்கப்பட்டிருக்கும்; அதற்கு மேல் தேவையென்றால் அதையும் சேர்த்து ஏற்ற வேண்டும். ஐபிசெட் கருவி தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும், லினக்ஸின் மையமான கெர்னலும் அதற்கு இடம் தர வேண்டும். சில பழைய வகைக் கன்டெய்னர் சர்வர்களில் அது கிடைக்காது. அங்கே பட்டியலைச் சிறிதாக வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது, தற்காலிகத் தடைக்கும் நிரந்தரத் தடைக்கும் நடுவே இருக்கும் கணக்கு. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் சேவை) தோல்விகளுக்கு நிறுவும்போதே நிரந்தரத் தடை என்றுதான் இருக்கும். இது நல்ல தேர்வு அல்ல. தாக்கும் இயந்திரங்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். நேற்று தாக்கிய முகவரி அடுத்த மாதம் ஒரு வீட்டு இணைப்புக்குப் போயிருக்கலாம். போதாததற்கு, மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல சந்தாதாரர்களை வைக்கின்றன. ஒருவரைத் தடுத்தால் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். எல்எஃப்_எஸ்எஸ்ஹெச்டி_பெர்ம் மதிப்பை 1-லிருந்து 3600 ஆக்கினால், ஒரு மணி நேரத் தற்காலிகத் தடையாக மாறிவிடும். விடாமல் திரும்பி வருபவர்களை எல்எஃப்_பெர்ம்பிளாக் பார்த்துக்கொள்ளும்: 86400 நொடிக்குள், அதாவது ஒரு நாளுக்குள், நான்கு முறைக்கு மேல் தற்காலிகத் தடை வாங்கினால் தானாக நிரந்தரப் பட்டியலுக்கு ஏறிவிடும்.

இங்கே ஒரு கணக்குப் பிழை பலருக்கும் நேர்கிறது. கடுமையாக இருக்கட்டும் என்று தற்காலிகத் தடையை 12 மணி நேரம், அதாவது 43200 நொடி, என்று வைப்பார்கள். நான்கு தடைக்கே 172800 நொடி ஆகிவிடும். கவனிக்கும் இடைவெளியோ 86400 தான். நான்காவது தடை வருவதற்குள் முதல் தடை கணக்கிலிருந்து விழுந்துவிடும். நிரந்தரத் தடை ஒருபோதும் வராது. இடைவெளி, தடை நேரத்தை எண்ணிக்கையால் பெருக்கிய அளவாவது இருக்க வேண்டும். 12 மணி நேரத் தடைதான் வேண்டும் என்றால், இடைவெளியை இரண்டு நாளுக்கு மேல் வையுங்கள்.

மூன்றாவது குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'சிஎஸ்எஃப்.அலோ' கோப்பில் அலுவலக முகவரியைப் போட்டுவிட்டால் இனி தடையே வராது என்று எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. அந்தக் கோப்பு ஃபயர்வால் வழியாக உள்ளே விடும், அவ்வளவுதான். எல்எஃப்டி அதே முகவரியைத் தோல்வி எண்ணிக்கைக்காகத் தடுக்கலாம். எல்எஃப்டி தொடக்கூடாது என்றால் 'சிஎஸ்எஃப்.இக்னோர்' கோப்பில் தனியாகச் சேர்க்க வேண்டும். அல்லது இக்னோர்_அலோ அமைப்பை 1 ஆக்க வேண்டும். அதைவிட, நிர்வாகியின் முகவரியை இரண்டு கோப்பிலும் வைத்துக்கொள்வது தெளிவு. கண்காணிப்பு சேவை, பேக்கப் சர்வர், பணப் பரிவர்த்தனை சேவையின் திரும்பு அழைப்பு முகவரிகள் எல்லாம் இதே வரிசைதான்.

வெளிப் பட்டியல்களை இணைப்பது 'சிஎஸ்எஃப்.பிளாக்லிஸ்ட்ஸ்' கோப்பு வழியாக. ஒவ்வொரு வரியிலும் நான்கு பகுதி, நடுவே செங்குத்துக் கோடு: பெயர், எத்தனை நொடிக்கு ஒருமுறை இறக்குவது, எத்தனை முகவரி எடுப்பது, இணைய முகவரி. இடைவெளி 3600 நொடிக்குக் குறையக் கூடாது. மூன்றாவது இடத்தில் 0 என்றால் அனைத்தும். தயாராக இருக்கும் வரிகளின் முன்னால் உள்ள ஹாஷை எடுத்துவிட்டு, சிஎஸ்எஃப்பையும் பிறகு எல்எஃப்டியையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்பேம்ஹாஸ் என்ற ஸ்பேம் எதிர்ப்பு அமைப்பின் டிராப் பட்டியலைத் தயங்காமல் இயக்கலாம். குற்றவாளிக் கும்பல்கள் கைப்பற்றிய அல்லது குத்தகைக்கு எடுத்த தொகுதிகள் மட்டுமே அதில் இருக்கும், 86400 நொடிக்கு ஒருமுறை இறக்கினால் போதும். பழைய கோப்புகளில் இருக்கும் ஈடிராப் (அதே அமைப்பின் கூடுதல் பட்டியல்) வரி இனி தேவையில்லை. அது 2024 ஏப்ரலில் டிராப் பட்டியலோடு இணைந்துவிட்டது. போகான் வகைப் பட்டியல்களில் (பொது இணையத்தில் வரக்கூடாத முகவரிகள்) மட்டும் நிதானம் வேண்டும். அவற்றில் 10.0.0.0/8, 192.168.0.0/16 போன்ற உள்நெட்வொர்க் தொகுதிகளும் உண்டு. டேட்டாபேஸ் சர்வர் உள் முகவரியில் இருந்தால், பட்டியல் ஏறிய நிமிடமே தளம் விழுந்துவிடும்.

பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவே நிற்கும் ப்ராக்ஸி சேவைக்குப் பின்னால் இருக்கும் தளங்களுக்கு இந்தப் பட்டியல் பெரும்பாலும் உதவாது. சர்வருக்கு வரும் இணைப்பு ப்ராக்ஸியின் முகவரியிலிருந்து வருகிறது. லாகில் (சர்வரின் பதிவேட்டில்) தெரியும் பார்வையாளர் முகவரியை ஃபயர்வாலில் தடுத்தாலும் அவர் வழக்கம்போல் உள்ளே வருவார். ப்ராக்ஸியின் முகவரியையே தவறித் தடுத்துவிட்டால் கதை இன்னும் மோசம். தடையை ப்ராக்ஸி பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

டெஸ்டிங் அமைப்பு 1 ஆக இருக்கும்வரை விதிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்கப்படும், எல்எஃப்டியும் ஓடாது. உங்களை நீங்களே பூட்டிக்கொள்ளாமல் இருக்க நல்ல ஏற்பாடு. சோதித்து முடித்ததும் 0 ஆக்கிவிடுங்கள்.

இன்று இதைத் தேர்வு செய்பவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பராமரிப்பு. இதை உருவாக்கிய நிறுவனம் 2025 ஆகஸ்ட் 31 அன்று செயல்பாட்டை நிறுத்திவிட்டது. மூடும் முன் மூல நிரலை ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டதால், பிறர் எடுத்துத் தொடர்கிறார்கள். பழைய நிறுவலில் ஆட்டோ_அப்டேட்ஸ் அமைப்பை 0 ஆக்கிவிட்டு, பிறர் தொடரும் பதிப்புகளில் எந்தக் கிளையைப் பின்பற்றுவது என்று தீர்மானியுங்கள். நகரும் முன் டெனை, அலோ, இக்னோர், பிளாக்லிஸ்ட்ஸ் ஆகிய நான்கு கோப்பையும் முதன்மை அமைப்புக் கோப்பையும் நகல் எடுத்து வைத்தால் போதும். எல்லாமே உரைக் கோப்புகள் என்பதால், நாளை வேறொரு ஃபயர்வாலுக்குப் போனாலும் காரணக் குறிப்புகளோடு அப்படியே கொண்டுபோகலாம்.