சுங்கம் கெடுபிடியான நாட்டுக்குப் பார்சல்: இஎம்எஸ்ஸா, தனியார் கூரியரா?

சீக்கிரம் போக வேண்டுமென்றால் கூரியர், செலவைக் குறைக்க அஞ்சல். இதில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சுங்க விதிகள் சிக்கலான நாடாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பெட்டி அங்கே மாட்டிக்கொண்டால் பில் யார் தலையில் விழும்? அதை வைத்துப் பார்த்தால், அன்பளிப்பு, சொந்த உபயோகப் பொருள், சில கிலோ எடை என்கிற வரையில் என் ஓட்டு அஞ்சல் துறையின் சர்வதேச விரைவுச் சேவையான இஎம்எஸ்ஸுக்குத்தான்.

முதலில் கட்டணம். டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் மூன்றுமே பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கின்றன. அந்த எண், நிஜ எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 40×30×30 பெட்டியில் 3 கிலோ துணி வைத்தால் கணக்கு 7.2 கிலோ என்று வரும், பில் 7.5 கிலோவுக்குப் போடுவார்கள். இஎம்எஸ்ஸில் பல நாடுகளில் தராசு காட்டும் எடை மட்டும்தான். புத்தகம் மாதிரி கனத்த பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது. துணிக்கும் பொம்மைக்கும் நன்றாகவே உறைக்கும்.

இதன் தொடர்ச்சியாக ஒரு கண்ணி இருக்கிறது. பல நாடுகள் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் கூட்டித்தான் வரி போடுகின்றன. 100 டாலர் பொருளுக்குக் கூரியர் கட்டணம் 80, அஞ்சல் 35, வரி 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரியரில் வரி 72 டாலர், அஞ்சலில் 54. கட்டணத்திலும் அதிகம் கொடுத்து, அந்த அதிகத்துக்கும் வரி கட்டுகிறோம். அமெரிக்கா மாதிரி சில நாடுகள் சர்வதேசப் போக்குவரத்துச் செலவை மதிப்பில் சேர்ப்பதில்லை. அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இப்போது மாட்டிக்கொள்ளும் விஷயம். கூரியரில் நிறுவனத்தின் சொந்த கிளியரிங் ஆட்களே சுங்கப் பத்திரம் போடுவார்கள். பெரும்பாலும் வரியை நிறுவனமே முன்கூட்டிக் கட்டிவிட்டு, அதற்கொரு சேவைக் கட்டணத்தையும் சேர்த்துப் பெறுநரிடம் வசூலிக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் சுகம். பெறுநர் ‘இவ்வளவு வரியா, வேண்டாம்’ என்றாலோ, கேட்ட ஆவணத்தைக் கொடுக்க முடியாமல் போனாலோ, கதை அனுப்பியவர் பக்கம் திரும்பும். வழக்கமான கூரியர் ஒப்பந்தத்தில், பெறுநர் கட்டாத வரி, கிடங்கு வாடகை, திருப்பி அனுப்பும் கட்டணம் எல்லாவற்றுக்கும் அனுப்புநரே பொறுப்பு. போகும்போது கிடைத்த தள்ளுபடி திரும்பும்போது கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பத்திரம் தாக்கலான பிறகு பெட்டியை வெளியே எடுக்கச் சில நாடுகளில் மறு ஏற்றுமதிக்குத் தனியாகக் காகிதம் போட வேண்டும். ‘அழித்துவிடுங்கள்’ என்று சொன்னால்கூட அதற்கும் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு.

அஞ்சலில் பெட்டியைச் சுங்கத்தின் முன் வைப்பது அந்த நாட்டு அஞ்சல் துறை. வரி உண்டென்றால் பெறுநருக்கு ஒரு நோட்டீஸ் போகும். கட்டினால் பட்டுவாடா, கட்டாவிட்டால் கெடு முடிந்ததும் பெட்டி திரும்பும். பெரும்பாலான நாடுகளில் அனுப்பியவரிடம் யாரும் வரி கேட்டு வருவதில்லை. பார்சல் படிவத்தில் பலர் பார்க்காமல் விடும் கட்டம் ஒன்று உண்டு: பட்டுவாடா ஆகாவிட்டால் திருப்பி அனுப்பவா, கைவிட்டதாகக் கருதவா? மலிவான பொருளென்றால் ‘கைவிடு’ என்பதில் டிக் போட்டால் விவகாரம் அங்கேயே முடிந்தது. ஏனென்றால் சாதாரண பார்சல் திரும்பி வந்தால் அந்தச் செலவைக் கேட்பார்கள். இஎம்எஸ்ஸில் பெரும்பாலும் கேட்பதில்லை.

அஞ்சலின் குறையையும் சொல்ல வேண்டும். ‘சுங்கத்தில் உள்ளது’ என்ற ஒற்றை வரியோடு டிராக்கிங் வாரக்கணக்கில் நின்றுவிடலாம். என்ன காகிதம் வேண்டுமென்று யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். கூரியர் இதில் எவ்வளவோ மேல். விதி திடீரென மாறினாலும் அஞ்சல்தான் முதலில் தடுமாறும். 2025 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்கா 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல்களுக்கு இருந்த இறக்குமதி வரிவிலக்கை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியபோது, முன்கூட்டியே வரி வசூலிக்க வழியில்லாமல் பல நாட்டு அஞ்சல் துறைகள் அங்கே பார்சல் எடுப்பதையே தற்காலிகமாக நிறுத்தின. பெரிய கூரியர்கள் தொடர்ந்து எடுத்தன. வணிகச் சரக்கு, விலை உயர்ந்த கருவி, தேதிக்குள் போக வேண்டிய ஆவணம் என்றால் நானும் கூரியரைத்தான் சொல்வேன். ஆனால் வரியை அனுப்புநரே கட்டும் டிடிபி முறையில் அனுப்புங்கள். பெறுநர் மறுக்கும் அபாயம் பெரும்பாலும் போய்விடும். முதலில் சொன்ன தொகைக்கும் கடைசி பில்லுக்கும் வித்தியாசம் வரலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

எதில் அனுப்பினாலும் பெட்டி நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்கத்துக்குச் சொல்லும் படிவம்தான். அஞ்சலில் அது சிஎன் 23. ‘கிஃப்ட்’, ‘சாம்பிள்’, ‘துணிமணி’ என்று எழுதினால் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாதிரி மொட்டையான சொற்களை ஏற்பதில்லை. ‘ஆண்களுக்கான பருத்திச் சட்டை, நெய்த துணி, புதியது, 3 எண்ணம், 0.75 கிலோ’ என்று ஆங்கிலத்திலோ அந்த நாடு ஏற்கும் மொழியிலோ எழுதி, எச்எஸ் கோடு (பொருளின் வகையைச் சொல்லும் சர்வதேச சுங்க எண், இந்தச் சட்டைக்கு 620520), தயாரான நாடு, மதிப்பு எல்லாம் போடுங்கள். பொருள்களின் எடையைக் கூட்டினால் பெட்டியின் மொத்த எடையைத் தாண்டக் கூடாது. அவசரத்தில் செய்யும் இந்தத் தப்பு சுங்கத்தின் கண்ணில் உடனே படும். மதிப்பைக் குறைத்துப் போட்டால், பெட்டி தொலையும்போது இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

பெறுநரின் அடையாள எண்ணை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். பிரேசிலுக்கு சிபிஎஃப் என்ற 11 இலக்க வரி அடையாள எண், தென் கொரியாவுக்கு ‘பி’ எழுத்தில் தொடங்கி 12 இலக்கம் கொண்ட சுங்க எண். சிபிஎஃப் எண்ணுக்குப் பதிவான பெயரும் பெட்டியின் மேல் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். செல்லப் பெயர் போட்டால் சிக்கல். தனி பவர் பேங்க் சர்வதேச அஞ்சலில் போகாது, அதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்வாய்ஸ் 3 நகல் வெளிப்புறம் ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். வாங்கிய ரசீதின் படத்தைப் பெறுநருக்கும் அனுப்பி வையுங்கள், அஞ்சல் வழியில் சுங்கம் விளக்கம் கேட்பது அவரிடம்தான்.